கருவூர்ப் பூக்குடலையும் கொங்கு மண்ணின் மனநிறைவும்

மனிதன் உலகில் வகிக்கும் இடம், செய்யும் தொழில், ஏற்கும் பொறுப்பு ஆகியவை இறைவனால் வகுக்கப்பட்டவை என்னும் நம்பிக்கை ஏறத்தாழ எல்லாச் சமயங்களிலும் உண்டு. அந்த நம்பிக்கையோடு ஒட்டியே, கிடைத்த இடத்தில் மனநிறைவு கொள்ள வேண்டும் என்ற அறிவுரையும் நெடுங்காலமாக வழங்கி வருகிறது. பகவத் கீதை பிறர் கடமையைத் திறம்படச் செய்வதைவிடத் தன் கடமையைக் குறையுடனேனும் செய்வதை உயர்த்திப் பேசுகிறது. 16ஆம் நூற்றாண்டு ஜெர்மனியில் மார்ட்டின் லூதர், செருப்புத் தைப்பவரின் பணியும் உழவரின் பணியும் மதகுருவின் பணிக்குச் சற்றும் தாழாத இறை அழைப்பே என்று வாதிட்டார். தமிழ்ச் சைவம் இதே கேள்வியைத் தனக்கே உரிய சொற்களில் கேட்டு, தனக்கே உரிய விடையையும் தந்திருக்கிறது. அந்த விடையின் மிகச் சிறந்த கதை வடிவம் கொங்கு நாட்டுக் கருவூரில், அதாவது இன்றைய கரூரில், அமராவதிக் கரையில் நிகழ்ந்ததாகச் சொல்லப்படுகிறது. எனினும் அந்த அறிவுரையை யார் யாருக்குச் சொல்கிறார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்காமல் அதன் பொருளை முழுமையாக அறிய இயலாது.

சைவ சித்தாந்தம் இறைவனை அடையும் வழிகளை நான்காகப் பகுக்கிறது. அவை சரியை, கிரியை, யோகம், ஞானம் என்பன. சரியை என்பது உடலால் செய்யும் தொண்டு: கோயிலைப் பெருக்குதல், மெழுகுதல், பூப்பறித்தல், மாலை கட்டுதல், விளக்கேற்றுதல் போன்றவை. கிரியை என்பது பூசை. யோகம் என்பது மனத்தை ஒருமுகப்படுத்தி அகத்தே வழிபடுதல். ஞானம் என்பது உண்மையை உணர்தல். இவற்றைப் படிப்படியான ஏணியாகக் காண்பதே வழக்கம் என்றாலும், முதற்படியில் நின்றே வாழ்நாளைக் கழித்த அடியார்களையும் சைவ மரபு குறைத்து மதிப்பிடவில்லை. உழவாரப் படையைக் கையில் ஏந்திக் கோயில் முற்றங்களில் புல் செதுக்கிய திருநாவுக்கரசரே அதற்குச் சான்று. சித்தாந்தம் பேசும் இன்னொரு நிலையும் இங்கே நினைக்கத் தக்கது. நல்வினையின் பயனாக வரும் இன்பத்தையும் தீவினையின் பயனாக வரும் துன்பத்தையும் விருப்பு வெறுப்பின்றி ஒன்றுபோல் ஏற்கும் மனப்பக்குவத்தை இருவினை ஒப்பு என்பர். இறையருள் உயிரில் பதிவதற்கு இப்பக்குவம் வாய்த்திருக்க வேண்டும் என்பது சித்தாந்தக் கொள்கை. ஆகவே சைவர் பேசும் மனநிறைவு உள்ளத்தின் ஒரு பக்குவத்தைக் குறிப்பதேயன்றி, கிடைத்த கூலியையோ ஊர் கொடுத்த மதிப்பையோ சரியென்று ஒப்புக்கொள்வதைக் குறிப்பதன்று. இவ்வேறுபாடு நூல்களில் தெளிவாக இருக்கிறது. நடைமுறையில்தான் அது அடிக்கடி மறக்கப்படுகிறது.

12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் குலோத்துங்கன் காலத்தில் சேக்கிழார் இயற்றிய பெரியபுராணத்தை ஒரு வகையில் தொழில்களின் தொகுப்பு என்றே சொல்லலாம். அதில் வரும் அடியார்களில் துணி வெளுப்பவர் உண்டு, குயவர் உண்டு, நெசவாளர் உண்டு, செக்கு ஓட்டும் எண்ணெய் வாணிகர் உண்டு, மீனவர் உண்டு, அரசரும் உண்டு. பெரும்பாலோர் தம் தொழிலை விட்டுவிட்டுத் துறவு பூணவில்லை. தொழிலையே தொண்டாக மாற்றிக்கொண்டார்கள். திருக்குறிப்புத் தொண்டர் அடியார்களின் துணியை வெளுத்தார், திருநீலகண்டர் திருவோடு வனைந்து கொடுத்தார், அதிபத்தர் வலையில் விழும் மீன்களில் ஒன்றை நாள்தோறும் இறைவனுக்கென்று கடலிலேயே விட்டார்.

இந்நூலுக்கு மிக விரிவான உரைகளுள் ஒன்றைத் தந்தவர் கோவை நகரத்து வழக்கறிஞர் ஒருவர் என்பது கொங்கு நாட்டார் பெருமையோடு நினைக்கும் செய்தி. சிவக்கவிமணி சி. கே. சுப்பிரமணிய முதலியார் (1878–1961) பகலில் நீதிமன்றமும் மற்ற நேரத்தில் சேக்கிழாருமாக வாழ்ந்து, ஏழு தொகுதிகளாக விரிந்த அந்த உரையை எழுதினார்; கோவைத் தமிழ்ச் சங்கம் அதை வெளியிட்டது. தலத்துச் செய்திகள், கல்வெட்டுகள், சித்தாந்த விளக்கங்கள் எனப் பல துறைகளைத் தழுவிச் செல்லும் அவ்வுரையை இன்றும் பெரியபுராணம் கற்போர் தவிர்க்க முடிவதில்லை.

கருவூர்க் கதைக்கு வருவோம். பசுபதீசுவரர் எனவும் ஆனிலையப்பர் எனவும் வழங்கப்படும் இறைவனுக்கு நாள்தோறும் பூப்பறித்துக் கொண்டுசென்று தருவதைத் தம் வாழ்வின் ஒரே பணியாகக் கொண்டவர் சிவகாமியாண்டார் என்னும் முதியவர். வைகறையில் எழுந்து, நீராடி, வாயைத் துணியால் கட்டிக்கொண்டு மொட்டவிழும் மலர்களைக் கொய்து, பூக்குடலையில், அதாவது பூக்கூடையில், நிரப்பி, அதைத் தண்டில் தொங்கவிட்டுச் செல்வது அவர் வழக்கம். மகாநவமிக்கு முந்தின நாள், புகழ்ச்சோழ மன்னரின் பட்டத்து யானை ஆற்றில் நீராடி, மதம் கொண்டு தெருவில் விரைந்து வந்தபோது, அவர் கையிலிருந்த பூக்குடலையைப் பறித்துச் சிதறடித்தது. முதியவர் யானையின் பின்னே ஓடினார். மூப்பினால் ஓட இயலாமல் கீழே விழுந்து, நிலத்தில் கையை அறைந்து கொண்டு இறைவனை நோக்கி முறையிட்டார். அவ்வழியே மழுவேந்தி வந்த எறிபத்தர், அடியாருக்கு இடையூறு செய்தவரை எறிந்து வீழ்த்துவதையே தம் பணியாகக் கொண்டவர். அவர் யானையையும், அதைத் தடுக்காமல் உடன்வந்த பாகர் ஐவரையும் வெட்டி வீழ்த்தினார்.

செய்தி அறிந்த மன்னர் பகைவர் வந்துவிட்டனர் என்று கருதிப் படையோடு வந்தார். எதிரே நின்றவர் அடியார் ஒருவரே என்று கண்டதும், காரணமின்றி இவர் கொன்றிருக்க மாட்டார் என்று உணர்ந்து குதிரையிலிருந்து இறங்கினார். நடந்ததைக் கேட்டபின், இக்குற்றத்துக்கு யானையும் பாகரும் மட்டும் மாண்டது போதாது, தாமும் கொல்லப்பட வேண்டும் என்று சொல்லி, அடியாரின் மழுவால் சாவது தமக்குத் தகாது எனத் தம் வாளையே நீட்டினார். எறிபத்தர் திகைத்துப் போனார். வாளை வாங்காவிட்டால் மன்னர் அதைத் தம்மேலேயே பாய்ச்சிக்கொள்வார் என்று அஞ்சி வாங்கியவர், இத்தகைய அன்பருக்குத் தீங்கு செய்தோமே என்று அதைத் தம் கழுத்தில் வைத்தார். மன்னர் பாய்ந்து அவர் கையைப் பிடித்துத் தடுத்தார். அந்நேரத்தில் தொண்டின் பெருமையைக் காட்டவே இவ்வாறு நிகழ்ந்தது என்று வானிலிருந்து ஒரு குரல் எழ, யானையும் பாகரும் உயிர்த்தெழுந்தனர், பூக்குடலையும் நிறைந்தது.

கதையின் உச்சம் இதுதான் எனப் பலரும் இங்கே நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் சேக்கிழார் அடுத்துச் சொல்வதில்தான் நுட்பம் இருக்கிறது. மன்னர் எறிபத்தரின் வேண்டுகோளை ஏற்று அதே யானைமீது ஏறி அரண்மனைக்குத் திரும்புகிறார். சிவகாமியாண்டார் பூக்குடலையை எடுத்துக்கொண்டு அன்றைய பூசைக்கு நேரம் தவறக் கூடாதென்று கோயிலுக்கு விரைகிறார். எறிபத்தர் மழுவோடு தம் வழியே செல்கிறார். தெய்வமே நேரில் சான்று பகர்ந்தபின்னும் ஒருவரும் வேறொரு பதவியை நாடவில்லை. பூப்பறிப்பவர் பூப்பறிப்பவராகவே இருக்கிறார். அவர் தொண்டின் மதிப்பு மட்டும் ஊரறிய நிலைநாட்டப்பட்டுவிட்டது. கரூரில் நவராத்திரிக் காலத்தில் இந்நிகழ்ச்சியைப் பூக்குடலைத் திருவிழாவாக இன்றும் கொண்டாடுகிறார்கள்.

இந்தக் கதை மனநிறைவு பற்றிச் சொல்லும் செய்தி சற்றுக் கூர்மையானது. சிவகாமியாண்டார் தம் பணியில் முழு நிறைவு கொண்டவர். ஆயினும் அப்பணி இடறப்பட்டபோது அவர் விதியென்று பொறுத்துக்கொள்ளவில்லை, தெருவில் விழுந்து புலம்பி நீதி கேட்டார். மன்னரும் தம் பதவியைக் கேடயமாகப் பிடிக்கவில்லை. தம் யானை செய்த பிழைக்குத் தாமே பொறுப்பென்று ஏற்றார். பின்னாளில் இதே புகழ்ச்சோழர், அதிகன் என்னும் சிற்றரசன்மீது தம் படை சென்று வென்று கொணர்ந்த தலைக் குவியலில் ஓர் அடியாரின் சடைத்தலையைக் கண்டு, அப்பழிக்குத் தீப்புகுந்து உயிர்விட்டதாகவும் புராணம் சொல்கிறது. கீழிருப்பவரின் மனநிறைவு, மேலிருப்பவரின் பொறுப்புணர்வோடு பிணைக்கப்பட்டே இங்கு பேசப்படுகிறது. ஒன்றை எடுத்து மற்றொன்றை விட்டுவிட்டால் கதை குலைந்துவிடும். ஒரு குறை மட்டும் இன்றைய வாசகரை உறுத்தாமல் இராது. பாகர் ஐவரும் தமக்கிட்ட வேலையைத்தான் செய்துகொண்டிருந்தனர். அவர்கள் உயிர்த்தெழுந்தார்கள் என்பதற்குமேல் அவர்களைப் பற்றி அறிய இடமில்லை.

அதே பெரியபுராணத்தில் திருநாளைப்போவார் என்னும் நந்தனார் வரலாறும் இருக்கிறது. கோயில் முரசுகளுக்குத் தோலும் வாரும், யாழுக்கு நரம்பும், பூசைக்குக் கோரோசனையும் கொடுத்துவந்தவர் அவர். தம் தொழிலைத் தொண்டாக்கியதில் அவர் யாருக்கும் குறைந்தவரல்லர். ஆயினும் கோயிலுக்கு வெளியே நின்று கும்பிடுவதே அவருக்கு விதிக்கப்பட்ட இடமாக இருந்தது. அந்த இடத்தில் அவர் மனம் நிறையவில்லை. நாளைப் போவேன், நாளைப் போவேன் என்று ஏங்கிய அந்த நிறைவின்மையையே நூல் அவருக்குப் பெயராகச் சூட்டிப் போற்றுகிறது. தீயில் மூழ்கி எழுந்த பின்னரே தில்லையில் அவர் ஏற்கப்பட்டார் என்ற முடிவு இன்றைய மனத்துக்கு ஒவ்வாதது. எனினும், மனநிறைவை எல்லாருக்கும் ஒரேபடியாகப் போதித்துவிட்டுச் சேக்கிழார் ஒதுங்கிவிடவில்லை என்பதற்கு இவ்வரலாறே போதும்.

கொங்கு நாட்டு ஊர் வாழ்விலும் இந்த இரட்டை நிலை கண்கூடு. வேளாண் குடியினரின் திருமணச் சீர்களில் அருமைக்காரர் முன்னின்று சடங்கு நடத்துவதும், நாவிதர் மங்கல வாழ்த்துப் பாடுவதும், வண்ணாரும் குயவரும் பண்டாரமும் தத்தம் பங்கைச் செய்வதும் மரபு. ஒருவர் வராவிட்டால் சீர் நிறைவுறாது. அருமைக்காரர் என்பவர் அதற்கென்று உரிய சடங்கை முடித்துத் தகுதி பெற்ற குடும்பப் பெரியவர். காங்கேயம் பகுதியில் தங்கி ஆய்வு செய்த மானிடவியலாளர் பிரெண்டா பெக், கொங்கு உழவர் சமுதாயத்தைப் பற்றி 1972இல் வெளியிட்ட நூலில் இத்தகைய பங்கீடுகளை விரிவாகப் பதிவு செய்தார். ஒவ்வொருவருக்கும் ஓர் இடமும் மதிப்பும் உண்டு என்பது இதன் ஒரு முகம். அந்த இடம் பிறப்பால் வந்தது, அதை மாற்றிக்கொள்ள வழியில்லை, கூலியாகக் களத்துமேட்டில் அளந்துபோட்டதை வாங்கிக்கொள்ள வேண்டும் என்பது மற்றொரு முகம். சாதி என்பது வேலைகளை மட்டுமன்றி வேலை செய்யும் மனிதர்களையே மேல்கீழாகப் பிரித்து வைக்கிறது என்று அம்பேத்கர் 1936இல் சுட்டிக்காட்டியது இம்மறுமுகத்தைத்தான். விருப்பமும் திறமையும் கேட்கப்படாமல் சுமத்தப்பட்ட தொழிலை இறைவன் தந்தது என்று அழைப்பதில், சுமத்தியவர்களுக்கு மிகுந்த வசதி இருந்தது.

ஆலைகள் வந்தபின் இவ்வசதி வேறு உருவம் கொண்டது. 1888இல் கோவையின் முதல் நூற்பாலை எழுந்தது. 1930களில் பைக்காரா மின்சாரம் வந்ததும் ஆலைகள் பெருகி, உழவரும் நெசவாளரும் பிறப்புத் தொழிலை விட்டு வேறு தொழிலுக்குச் செல்லும் வாயில் திறந்தது. ஆனால் இந்நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் மேற்கு மாவட்டங்களின் நூற்பாலைகள் பலவற்றில் நடைமுறையிலிருந்த சுமங்கலித் திட்டம், ஏழைக் குடும்பத்து இளம்பெண்களை மூன்றாண்டுகள் விடுதியில் தங்கவைத்து வேலை வாங்கி, முடிவில் திருமணச் செலவுக்கென்று ஒரு தொகை தருவதாகச் சொன்னது. வெளியே செல்லக் கட்டுப்பாடு, நீண்ட வேலைநேரம், இடையில் விலகினால் தொகை கிடைக்காமை ஆகியவற்றால் அது கொத்தடிமை முறைக்கு ஒப்பானது என்ற கண்டனத்துக்கு உள்ளானது. மனைவி என்னும் புனிதமான இடத்தைக் காட்டி, குறைந்த கூலியில் பொறுமையை வாங்கிய ஏற்பாடு அது. மனநிறைவைப் பற்றிப் பேசும் எவரும் இந்த உதாரணத்தைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு பேசுவது நல்லது.

கோவைச் சிறையில் 1908 முதல் அடைபட்டிருந்த வ. உ. சிதம்பரனாரை இவ்விடத்தில் நினைக்காமல் இருக்க முடியாது. எருது இழுக்கும் செக்கை அவர் இழுக்க நேர்ந்தது. அச்செக்கு ஒரு நினைவுப் பொருளாகக் காக்கப்பட்டு வருகிறது. அச்சிறைக் காலத்தில் அவரைச் சந்தித்து, வழக்குக் காரியங்களில் உதவிய கோவை வழக்கறிஞர்களுள் மேலே சொன்ன சுப்பிரமணிய முதலியாரும் ஒருவர். சைவத்திலும் தமிழிலும் ஊறியவரான சிதம்பரனார், மனத்தின் ஆற்றலைப் பற்றி ஆங்கில எழுத்தாளர் ஜேம்ஸ் ஆலன் எழுதிய நூல்களைத் தமிழாக்கினார். உள்ளம் கலங்காமல் இருக்கக் கற்றவர் அவர். செக்கடியில் தம்மை நிறுத்திய ஆட்சியை ஒருகாலும் ஏற்காதவரும் அவரே. இருவினை ஒப்பு என்று ஏட்டில் படிப்பதற்கும், அதோடு அநீதியை எதிர்த்து நிற்பதற்கும் இடையே முரண் இல்லை என்பதற்கு இதைவிட அருகிலுள்ள சான்று கோவைக்குக் கிடைப்பது அரிது.

மனநிறைவைப் பயிற்சியாகவே வகுத்துத் தந்தவர் வேதாத்திரி மகரிஷி (1911–2006). கூடுவாஞ்சேரியில் நெசவாளர் குடும்பத்தில் பிறந்து, தறியிலும் தொழிலிலும் வாழ்ந்து, மணவாழ்க்கையை விடாமலே ஆன்மிகம் போதித்த அவர், 1958இல் உலக சமுதாய சேவா சங்கத்தைத் தொடங்கினார். பின்னாளில் பொள்ளாச்சியை அடுத்த ஆழியாற்றில் அறிவுத்திருக்கோயிலை நிறுவினார். அவர் வகுத்த அகத்தாய்வு, அதாவது ஒருவர் தம்மைத் தாமே ஆராய்ந்து பார்க்கும் முறை, எண்ணம் ஆராய்தல், ஆசை சீரமைத்தல், சினம் தவிர்த்தல், கவலை ஒழித்தல், நான் யார் என்று வினாவுதல் என்னும் படிகளைக் கொண்டது. ஆசையை அழிக்கச் சொல்லாமல் சீரமைக்கச் சொன்னதே இதில் கவனிக்கத்தக்கது. ஒருவர் தம் ஆசைகளைத் தாளில் எழுதி, ஒவ்வொன்றும் தேவைதானா, நிறைவேற்றத் தமக்கு வசதி உண்டா, அதனால் பிறருக்கோ தமக்கோ தீங்கு வருமா என்று ஆய்ந்து, வைத்துக்கொள்ள வேண்டியதை வைத்துக்கொண்டு, நீக்க வேண்டியதை நீக்குகிறார். சமையற்கட்டில் நிற்பவரும் ஆலைக்குச் செல்பவரும் செய்யக்கூடிய பயிற்சி இது. தம் மனைவி லோகாம்பாள் பிறந்த ஆகஸ்ட் 30ஆம் நாளை மனைவி நல வேட்பு நாளாக அவர் அறிவித்ததும் இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது. மனைவிக்குப் பொறுமையைப் போதித்த நூல்கள் தமிழில் ஏராளம். அந்தப் பொறுமையின் பயனைப் பெற்றவர்கள் நன்றி சொல்ல ஒரு நாளை ஒதுக்கியவர்கள் மிகச் சிலரே.

உளவியலாரும் இதே நிலத்தில் உழுதிருக்கிறார்கள். அமெரிக்க ஆய்வாளர் ஏமி ரெஸ்னெவ்ஸ்கி 1997இல் தம் குழுவினரோடு வெளியிட்ட ஆய்வின்படி, வேலையைச் சிலர் பிழைப்பாகவும், சிலர் முன்னேற்றப் படியாகவும், சிலர் அழைப்பாகவும் காண்கிறார்கள். ஒரே அலுவலகத்தில் ஒரே வேலையைச் செய்பவர்களிடையிலும் இம்மூன்று வகையினரும் இருக்கிறார்கள். மருத்துவமனைத் துப்புரவாளர்களில் சிலர் தம் பணியை நோயாளி தேறுவதில் தமக்குரிய பங்காகக் கருதி, பணிப்பட்டியலில் இல்லாத சிறு உதவிகளையும் செய்து வந்ததை 2001இல் அவர் மற்றோர் ஆய்வாளரோடு சேர்ந்து விளக்கினார். கோவையில் அரசுப் பேருந்து நடத்துநராகப் பணியாற்றியபடியே பல்லாண்டுகளாக மரக்கன்று நட்டும் கொடுத்தும் வரும் மாரிமுத்து யோகநாதனை அவ்வகைக்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம்; பயணச்சீட்டோடு கன்றும் கொடுக்கும் அவரைப் பற்றிப் பிரதமர் 2021 மார்ச்சில் தம் வானொலி உரையில் குறிப்பிட்டார்.

ஆயினும் கொங்கு நாட்டில் இப்பொருளின் எல்லாப் பக்கங்களையும் ஒரே வாழ்வில் காட்டியவர் மேட்டுப்பாளையம் வட்டத்துத் தேக்கம்பட்டியில் வாழ்ந்த பாப்பம்மாள்தான். இளமையிலேயே பெற்றோரை இழந்து பாட்டியிடம் வளர்ந்த அவர், பாட்டி விட்டுச்சென்ற மளிகைக் கடையை நடத்தி, அந்த வருவாயில் நிலம் வாங்கினார். உள்ளாட்சித் தேர்தலில் நின்று வென்றார். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தோடு தொடர்பு வைத்துக்கொண்டு இயற்கை வேளாண்மையைக் கற்றார். 2021இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டபோது அவருக்கு வயது 105. அப்போதும் தம் இரண்டரை ஏக்கர் நிலத்தில் களை எடுப்பதை அவர் நிறுத்தியிருக்கவில்லை. மண்ணில் அவருக்கிருந்த நிறைவும், வாழ்க்கையில் மேலே ஏற வேண்டும் என்ற விருப்பமும் ஒன்றையொன்று தடுக்கவில்லை. 2024 செப்டம்பரில் அவர் மறைந்தார். கடையும் நிலமும் தேர்தலும் அவர் தாமே தேடிக்கொண்டவை. விருது வந்தபோது அவர் வயலில் இருந்தார் என்பதற்கு யாரும் அவரைக் கட்டாயப்படுத்தியது காரணமன்று.